மூன்று முருகப்பன், ஒரே ஃபைல்

கேள்வி கேட்கிற புரோகிராம்களை எனக்குப் பிடிக்காது. ஒரு வேலையைச் செய் என்றால் செய்ய வேண்டியதுதானே. 'நிச்சயமாகவா? ஆம், இல்லை' என்று நடுவில் வந்து நிற்கும். நிச்சயமில்லாமலா உன்னைக் கூப்பிட்டேன்? மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சோதனை மெஷின்கள் கக்கும் ஃபைல்களை இங்கிருந்து அங்கே நகர்த்த நான் எழுதிய பேட்ச் ஃபைல்களில், அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய குட்டிப் புரோகிராம்களில், ஒன்றுகூட யாரையும் எதுவும் கேட்காது. அதைத் தட்டிவிட்டுப் போய் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். அந்தத் திமிரில்தான் கார்த்திகேயன் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் கை வைத்தேன்.

கார்த்திகேயன் எங்கள் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறான். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் கேன்டீனில் மகா அறுவை ஜோக்குகளை அவிழ்த்துவிடுவேன். அவனும் சளைக்காமல் சிரிப்பான். இப்படியே போய், ஒருநாள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். என் சொந்த ஊரான பெக்கோக்கில், வீட்டில் சொன்னபோது அம்மா டொரத்தி மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து அழுதார். அது பாதி எரிவதற்குள் சிரித்துவிட்டார். அப்பா மரியநாதன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பையன் மீன் சாப்பிடுவானா?"

சாப்பிடுவான் என்றேன்.

"அப்ப சரி லா" என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

கார்த்தி வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்து ஜொகூரில் வேர் பிடித்த குடும்பம். அவன் அம்மா பெயர் நாச்சியம்மை. ஊருக்கெல்லாம் அவர் ஆச்சி, பிள்ளைகளுக்கு மட்டும் ஆத்தா; அப்பா அவர்களுக்கு அப்பச்சி. வரி அதிகாரி வந்து எதிரில் உட்கார்ந்தாலும் அசராத கார்த்திக்கு, ஆத்தா முன்னால் நின்றால் பேச்சு மழை, வெயில் என்று திசைமாறிவிடும். நாளைக்குச் சொல்கிறேன் என்பான். அந்த நாளை வரவே வராது. எனக்குப் பொறுமை எவ்வளவு என்பது மேலே படித்தவர்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஆச்சிக்கும் டிவிக்கும் சண்டை வந்தது.

கார்த்தியின் அண்ணன் சிங்கப்பூரில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று வீடியோ டிஸ்க்குகள் அலமாரி நிறைய இருந்தன. ஒரு லீவில் வந்தவர், அத்தனையையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, டிவியோடு ஒரு சின்னப் பெட்டியையும் இணைத்து, "இனிமே டிஸ்க்கெல்லாம் குப்பை ஆத்தா, தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாலம் ஏறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். ஆனால் அவர் ஏற்றியது வெறும் ஃபோல்டர்களை. டிஸ்க்கில் இருக்கும் படம் உள்ளே துண்டு துண்டாகத்தான் இருக்கும். டிஸ்க்காகப் போட்டால் பிளேயர் அதைக் கோத்துக் காட்டும். ஃபோல்டராகக் கொடுத்தால் இந்தப் பெட்டிக்குக் கோக்கத் தெரியாது, ஒவ்வொரு துண்டாகத்தான் ஓட்டும்.

"ஆத்தா ரொம்பக் கோபத்துல இருக்காங்க" என்றான் கார்த்தி. "வர்ற ஞாயித்துக்கெழமை அண்ணனோட கல்யாண நாள். எல்லாரும் சாப்பிட வராங்க. அண்ணன் கல்யாணத்த ஒரே மூச்சுல பாக்கணும்னு ஆத்தாவுக்கு ஆசை. நீ சரி பண்ணிக் குடு கிறிஸ். படம் பாத்துட்டு நல்ல மூடுல இருப்பாங்க. அப்ப நான் நம்ம விஷயத்த சொல்லிடுறேன்."

"சத்தியமா சொல்வியா?"

"சத்தியமா."

ஆக, என் கல்யாணம் ஒரு பேட்ச் ஃபைலில் வந்து நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிடச் சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஹார்ட் டிஸ்க்கை வாங்குவதற்காக ஜொகூர் பாருவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி என்று கார்த்தி அறிமுகம் செய்தான். பொய் இல்லை, பாதிதான். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரு என்ன?"

"கிறிஸ்டின், ஆண்ட்டி."

"ம்" என்றார் ஆச்சி.

பிறகு அவருடைய வழக்கைச் சொன்னார். "திருப்பூட்டு நேரம் பாத்துக்க. எம்மகன் ரெண்டு கையையும் தூக்குறான். படம் நின்னு போவுது. நான் கண்ணாடியப் போட்டுத் தேடி, அடுத்ததப் போட்டா, எவனோ வாழையிலையில பாயாசத்த வழிச்சுக்கிட்டு இருக்கான். என் மகன் தாலி கட்டுனானா இல்லையான்னே தெரியல."

தாலி கட்டுவதை அவர்கள் திருப்பூட்டு என்பார்கள். கட்டிவிட்டார் ஆண்ட்டி, அதனால்தான் பாயாசம் என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

கூடத்துச் சுவரில் பெரிய மீசையோடு ஒரு படம் மாட்டியிருந்தது. "எங்க ஐயா. அப்பச்சியோட அப்பா. முருகப்பன்" என்றான் கார்த்தி.

"உங்க அண்ணன் பேரும் முருகப்பன்தானே?"

"எங்கள்ல மொதப் பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு. ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு. அப்பச்சி கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு. அவங்க வீட்டு மூத்த பையனுங்களும் முருகப்பன்தான். அண்ணன் சிங்கப்பூர் முருகப்பன். பெரியப்பா மகன் குளுவாங் முருகப்பன். சித்தப்பா மகன் மூவார் முருகப்பன்."

"நீ?"

"நான் மூணாவது. தாத்தாவெல்லாம் தீந்துபோயிட்டாங்க. அதான் கார்த்திகேயன்."

வீட்டு வாசல் வரைக்கும் அடக்கிவைத்து, கார்த்தியின் காரில் ஏறியதும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் மூளை முழுவதையும் அந்த 'ம்' பிடித்துக்கொண்டிருந்தது. பேரைக் கேட்டுவிட்டு 'ம்' என்றால் என்ன அர்த்தம்? நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா? செனாய் வந்து சேரும்வரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலையில் என் வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். கார்த்தி தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு இமேஜ் ஃபைலாக மாற்ற வேண்டும். இமேஜ் ஃபைல் என்றால் டிஸ்க் முழுவதையும் உள்ளே இருப்பது இருந்தபடியே ஒரே ஃபைலாக்குவது, தலையணையையும் போர்வையையும் வைத்துப் பாயைச் சுருட்டுகிற மாதிரி. பெட்டிக்கு அதைக் கொடுத்தால் நிஜ டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். முகப்பு வரும், பொத்தான் வரும், படம் நிற்காமல் ஓடும்.

கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் விடிந்துவிடும். அதற்குத்தான் பேட்ச் ஃபைல். அண்ணன் வருஷ வாரியாக ஃபோல்டர் போட்டு, அதற்குள் நிகழ்ச்சி வாரியாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு வருஷத்துக்குள்ளும் போ, அதில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரையும் சுருட்டு, ஃபோல்டரின் பெயரையே ஃபைலுக்கும் வை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கு. ஹார்ட் டிஸ்க்கில் இடம் முட்டிக்கொண்டு நின்றதால், சுருட்டி முடித்த ஃபோல்டரை உடனே அழித்துவிடு. இத்தனையும் சில வரிகளில் அடங்கிவிட்டது.

குளுவாங் புதுமனை வீடியோவை மட்டும் வைத்து, அழிக்கிற வரியைத் தூங்கவைத்துவிட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. இன்னொரு முறை ஓட்டியபோது, 'இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, மேலே எழுதவா?' என்று கேட்டு நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பாத்தியா, கேக்குது" என்றேன்.

"நல்லதுதானே, கேக்கட்டும்" என்றான் கார்த்தி, சம்பலை வழித்துக்கொண்டே.

"எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

கேள்வியே கேட்காமல் மேலே எழுது என்று ஒரு சின்ன அடையாளத்தைச் சேர்த்தேன். அழிக்கிற வரியை எழுப்பிவிட்டேன். தட்டிவிட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஏறத் தொடங்கின. இதைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு அதன் சுகம் தெரியாது. ஒரு கல்யாணம் போகிறது, ஒரு காதுகுத்து போகிறது, இன்னொரு கல்யாணம் போகிறது. நான் நாற்காலியில் சுற்றிக்கொண்டே, கண்ணில் பட்ட பெயர்களை மட்டும் உரக்கப் படித்தேன். கார்த்தி ஒவ்வொன்றுக்கும் மேசையில் தாளம் போட்டான். தலைக்கு மேல் ஏர்போர்ட்டுக்கு இறங்கும் விமானம் ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போனது. அதற்கும் கை ஆட்டினோம். எல்லாம் முடிந்ததும் புதுமனை வீடியோவைத் திறந்து பார்த்தேன். ரோஜாப்பூ விரிந்து, அதற்குள்ளிருந்து கோபுரம் எழும்பி, முகப்பு வந்தது. ஒரு துண்டுகூட அறுபடவில்லை. நான் கார்த்தியைப் பிடித்து இழுத்து, நாசி லெமாக் கையோடு சமையலறை வரைக்கும் ஆடவைத்தேன். நாளைக்கு இந்நேரம் நான் அந்த வீட்டு மருமகள் என்று தோன்றியது.

போட்ட ஃபோல்டர் எத்தனை, வந்த ஃபைல் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது தொழிற்சாலையில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்ததில் அது நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு மதியம் ஆச்சி வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சிங்கப்பூர் முருகப்பன் அண்ணன் சோபாவின் நடுவில், கல்யாண நாள் மாப்பிள்ளையாக, புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சௌந்தர்யா சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். அப்பச்சி சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தார். உறவுக்காரர்கள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி டிவிக்கு நேர் எதிரில், கையைக் கட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரி இருந்தார்.

கார்த்தி பட்டியலில் 'முருகப்பன் கல்யாணம்' என்பதைத் தேடி அழுத்தினான். ரோஜாப்பூ விரிந்தது. 'மாப்பிள்ளை அழைப்பு', 'திருப்பூட்டு', 'விருந்து' என்று பொத்தான்கள் வந்தன. கூடமே ஆ என்றது. ஆச்சியின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. நான் சுவரோரம் நின்று பெருமையில் மிதந்தேன்.

மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. நாதஸ்வரம், கூட்டம், மூக்கு வரைக்கும் மாலை போட்ட மாப்பிள்ளை. "அந்தா பாரு, பெரிய அயித்தை." "இவங்க இப்ப மெல்பர்ன்ல இருக்காங்க." "அப்பச்சிக்கு அப்ப முடி இருந்திருக்கு." அப்பச்சி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, இருந்த முடியை ரசித்துவிட்டு மூடிக்கொண்டார். அண்ணன்தான் எல்லாரையும்விடக் குஷியாக இருந்தார்.

"நான் எவ்ளோ ஒல்லி பாத்தீங்களா? அந்தச் செருப்பு ரொம்பக் கடிச்சிச்சு. மொகத்துல தெரியுதா? எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

எல்லாரும் முகத்தில் தெரிகிறது என்றார்கள். அந்த நேரத்தில் கார்த்தி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். திருப்பூட்டு முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று அர்த்தம். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

திரையில் பெண்ணை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். தலை குனிந்திருந்தது. மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினார். படம் நிற்கவில்லை. தாலி ஏறியது. மேளம் கொட்டியது. ஆச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சௌந்தர்யா அப்பளத் தட்டோடு வெளியில் வந்து, கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார்.

"என் புடவை இது இல்லையே" என்றார்.

"லைட்டுல அப்படித் தெரியும் லா" என்றார் அண்ணன்.

"லைட்டுல புடவைதான் மாறும், மூக்குமா மாறும்? அது நான் இல்ல. அது வள்ளி." கொஞ்சம் நிறுத்தி, கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அது நீங்களும் இல்ல. மூவார் முருகப்பன்."

திரையில் மூவார் முருகப்பன் வள்ளியின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அதே மண்டபம், அதே சொந்தம், அதே வீடியோக்காரர், அந்தக் குடும்பத்துக்கே உரிய அதே மூக்கு. யாரோ மெதுவாக, "அப்ப செருப்பு கடிச்சது யாருக்கு?" என்று கேட்டார்கள். கூடம் வெடித்துச் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. கார்த்தியின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிப் பட்டியலுக்குப் போனேன். 'முருகப்பன் கல்யாணம்' என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணன் ஏற்றி வைத்ததோ மூன்று. மூன்று வருஷத்து ஃபோல்டருக்குள் மூன்று முருகப்பன் கல்யாணம். முதலில் குளுவாங் வந்து ஃபைல் ஆனது. அதன் மேலேயே சிங்கப்பூர் ஏறியது. அதன் மேல் மூவார் ஏறியது. எதுவும் கேட்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஃபோல்டரை மட்டும் ஒழுங்காக அழித்துவிட்டு நடையைக் கட்டியிருந்தது.

"என்ன கிறிஸ்?" என்றான் கார்த்தி.

"போச்சு" என்றேன். "அண்ணன் கல்யாணம் போச்சு. குளுவாங் கல்யாணமும் போச்சு. நான்தான் அழிச்சிட்டேன்."

சிரிப்பு அப்படியே அடங்கியது. சௌந்தர்யா தட்டைக் கீழே வைத்தார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுல எங்க அப்பா பாடுவாரு" என்று மட்டும் அண்ணனிடம் மெல்லச் சொன்னார். இன்னொருத்தியின் கல்யாணத்தைத் துடைத்துவிட்டு, என் கல்யாணப் பேச்சை எடுக்க வந்து நிற்கிறேன்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. நானும் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

"ஒரு வீட்டுல மூணு பேருக்கு ஒரே பேர வச்சா எந்தக் கம்ப்யூட்டர்தான் என்ன பண்ணும்?" என்று கத்திவிட்டேன். "எங்க சைட்ல எத்தனை புனிதருங்க இருக்காங்க தெரியுமா? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இங்க எல்லாரும் முருகப்பன். அண்ணனுக்கே தான் எந்த முருகப்பன்னு தெரியல."

அலமாக், போச்சு என்று கார்த்தி முனகியது எனக்குக் கேட்டது. சுவரிலிருந்த பெரிய முருகப்பன்கூட மீசையை முறுக்குகிற மாதிரி இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பெக்கோக்குக்கு பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்தேன்.

ஆச்சி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. என் முன்னால் தரையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் பழைய துணிப் பையில்.

"குப்பையில போடச் சொன்னேனே ஆத்தா" என்றார் அண்ணன்.

"நீ சொல்லுவ. கல்யாணத்தப் போயி யாராவது குப்பையில போடுவாங்களா?"

நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மார்க்கர் பேனாவில் ஆச்சியின் கோணல் கையெழுத்து. ஒன்றில் 'வள்ளி'. ஒன்றில் 'உமையாள்'. ஒன்றில் 'சௌந்தர்யா'. ஒரு டிஸ்க்கிலும் முருகப்பன் என்று இல்லை.

"மாப்பிள்ளை பேரே போடலையே ஆண்ட்டி."

"மாப்பிள்ளை பேரப் போட்டு என்ன செய்யுறது? எல்லாம் முருகப்பன்" என்றார் ஆச்சி. "எங்க வீட்டுல ஆம்பளைங்களுக்குத் தாத்தா பேரு. அவனுகள அடையாளம் சொல்றது வந்த பொண்ணுதான். குளுவாங்ல இருக்கவன் உமையா வீட்டு முருகப்பன், மூவார்ல இருக்கவன் வள்ளி வீட்டு முருகப்பன். இது தெரியாம இவன் எல்லாத்துக்கும் முருகப்பன்னு போட்டு வச்சிருக்கான், பெரிய கம்ப்யூட்டர்காரன்."

அண்ணன் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

'சௌந்தர்யா' டிஸ்க்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் எது தப்பும்? நானும் சௌந்தர்யாவும் சமையலறைக்கு ஓடினோம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, சுற்றித் தேய்க்காமல், நேராக நேராகத் துடைத்தேன். சௌந்தர்யா மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றார். அண்ணன் முன்பு டிஸ்க்குகளை ஏற்றப் பயன்படுத்திய டிரைவை அலமாரியிலிருந்து தேடி எடுத்து வந்தார். அதை என் லேப்டாப்பில் மாட்டி டிஸ்க்கைச் செருகினேன். அது கரகரத்தது, யோசித்தது, மறுபடி கரகரத்தது, பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. சௌந்தர்யா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலித்தது, ஆனால் சுகமாக இருந்தது.

மூன்றும் ஏறிக்கொண்டிருக்கும்போதே எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்தார்கள். நான் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் பேட்ச் ஃபைலைத் திருத்தினேன். அழிக்கிற வரியைத் தூக்கினேன். கேள்வி கேட்காதே என்று போட்ட அடையாளத்தையும் எடுத்தேன். கேட்டுத் தொலைக்கட்டும். ஆச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து லேப்டாப் திரையைப் பார்த்தார். ஃபோல்டர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். உமையாள். சௌந்தர்யா. வள்ளி. பேட்ச் ஃபைலைத் தட்டிவிட்டேன். வெள்ளை வரிகள் ஏறின. மூன்று ஃபைல் தனித்தனியாக வந்து உட்கார்ந்தது. எண்ணிப் பார்த்தேன், சத்தமாகவே.

ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி டிவிக்குக் கொடுத்ததும், கூடத்திலிருந்து பாட்டுக் குரல் வந்தது. சௌந்தர்யாவின் அப்பா, கல்யாண மேடையில், சுருதி சேராமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சௌந்தர்யா டிவி முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடப் பாடினார். அண்ணன் திரைக்கு மிக அருகில் போய், இந்த முறை அது தான்தானா என்று உறுதி செய்துகொண்டார்.

கார்த்தி ரசச் சட்டியோடு வந்து என் இலையில் ஊற்றினான். தொண்டையைக் கனைத்தான். "ஆத்தா" என்றான். மறுபடி கனைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு இந்தப் பொண்ணு வந்தப்பவே தெரியும். அது குடிச்ச கிளாச நீ கழுவி வச்ச. பொறந்ததுலேருந்து நீ ஒரு கிளாஸ் கழுவி நான் பாத்ததில்ல. இப்ப ரசம் வேற."

கார்த்தி சட்டியைக் கீழே வைக்கவும் மறந்து என் பக்கத்திலேயே நின்றான். எனக்கு முகமெல்லாம் சுட்டது. சாப்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு என் பேரக் கேட்டுட்டு 'ம்'னு சொன்னீங்களே, ஆண்ட்டி" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்ல பேரா இருக்கேன்னு நெனச்சேன். இந்த வீட்டுல யாருக்கும் இல்லாத பேரு." ஆச்சி விரலால் திரையைத் தொட்டார். "இங்க இன்னொரு ஃபோல்டர் போடு. இப்பவே போட்டு வை. மாப்பிள்ளை பேரு வேணாம், கிறிஸ்டின்னு மட்டும் போடு. அது மேல எதுவும் ஏறாது."

போட்டேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாம் தடவை சரியாக வந்தது. வள்ளிக்குக் கீழே, காலியாக, என் பெயரில் ஒரு மஞ்சள் ஃபோல்டர். நான் அழுதேனா சிரித்தேனா என்று கார்த்தியைக் கேட்டால் இரண்டும் என்பான்.

ஆச்சி அதைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பா பேரு என்ன?"

"மரியநாதன்."

ஆச்சி விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"மொதப் பையனுக்கு அப்பச்சி பேரு" என்றார். "ரெண்டாவது மரியநாதன்."

கார்த்தியின் சட்டியிலிருந்த ரசம் முழுவதும் என் மடியில் கொட்டியது.